ரசத்துக்கு மிளகைக் குறைக்கச் சொல்கிறார் என்றால்

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. கடிதம் நான்கு பக்கம், சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயது 46, கணவருக்கு 52. ஒன்பது மா நிலம், சொந்தச் சாகுபடி. போன புரட்டாசியில் மாமியார் வாய்ப்புற்றில் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி நாட்களில் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கூடவே இருந்து பார்த்தவள் நான். அதிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் பயம். சென்னையில் இருக்கும் மகன் தினமும் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புகிறான். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டோம். எண்ணெய் செக்கில் ஆட்டியது. பிளாஸ்டிக் டப்பாக்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டாயிற்று. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கினோம். முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் புற்று வராது என்கிறார்களே, உண்மையா? மஞ்சள் தண்ணீர் போதுமா? வயலுக்கு அடிக்கிற மருந்தால் வருமா? கருவாடு சாப்பிடலாமா? இது பரம்பரையாக வருமா? 13 வயதில் பெண் இருக்கிறாள். அவருக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. அம்மா போனதிலிருந்து போயிலையை விட்டுவிட்டார். இப்போது வெறும் வெற்றிலை, சீவல், சுண்ணாம்புதான், நாளைக்கு ஏழெட்டுத் தடவை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. காரம் மட்டும் ஆகவில்லை என்கிறார், ரசத்துக்குக்கூட மிளகைக் குறைக்கச் சொல்கிறார். சூட்டுப் புண் என்று விட்டமின் மாத்திரை வாங்கிப் போடுகிறார். மாமியாரின் பித்தளை வெற்றிலைச் செல்லம் ஒன்று இருக்கிறது. அதை என்ன செய்வதென்றும் தெரியவில்லை."

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியாக இல்லாமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ரசத்துக்கு மிளகைக் குறைக்கச் சொல்கிறார் என்பது.

கடிதத்தை வைத்து நோய் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் வருஷக் கணக்காகப் பாக்கு போட்ட வாய்க்கு, நேற்றுவரை தாங்கிய காரம் இன்று தாங்கவில்லை என்றால், அதைச் சூடு என்று நான் விட மாட்டேன். பாக்கு, கன்னத்தின் உள்தோலை மெல்ல மெல்ல இறுக்கிவிடும். முதலில் எரிச்சல். அப்புறம் உள்கன்னம் வெளிறி, தொட்டால் நார் நாராகத் தட்டுப்படும். அதற்கும் அப்புறம் வாய் முழுதாகத் திறக்காது. இப்படி இறுகிய வாய்களில் ஒரு பங்கு பின்னால் புற்றாக மாறுகிறது. எல்லாம் மாறுவதில்லை. எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால்தான் எல்லாவற்றையும் கண்காணிக்கிறோம்.

நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் அவரைத் திண்ணையில் உட்கார வையுங்கள். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அவருடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து முன்பற்களுக்கு நடுவே நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று விரலும் நுழைந்தால் வாய் திறப்பு பரவாயில்லை. இரண்டோடு நின்றால் நாள் கடத்தாதீர்கள். அப்புறம் செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். பாக்கை எந்தக் கன்னத்தில் அதக்கிக்கொள்வாரோ அந்தப் பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்கைத் தூக்கி அதன் அடி, கீழ் ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, பட்டுத் துணி போலச் சிவந்த திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், கடினமான ஒரு தடிப்பு. இவற்றைத்தான் தேடுகிறோம்.

எதுவுமே தெரியவில்லை என்றாலும் இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். எரிச்சல் ஒன்றே போதிய காரணம். மகன் நேரே சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம் என்கிறாரா? இப்போதே அவ்வளவு தூரம் வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திருவாரூரிலும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஒரு துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று யாராவது சொல்வார்கள், உங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். வாய்ப்புண்ணில் சதை எடுப்பதால் புற்று பரவுவதில்லை. எடுக்காமல் விட்டுத்தான் பலர் கெட்டார்கள். பல்வலி என்று நினைத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியே நான்கு மாதத்தை ஓட்டிய ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். வலித்தது பல்லே இல்லை.

அதற்காக மனம் உடைந்துவிடாதீர்கள். புற்றாகவே இருந்தாலும் சின்னதாகப் பிடித்துவிட்டால் வாய்ப்புற்று குணமாகக் கூடியதுதான். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது, 2005-இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பெரிய மெஷின் ஒன்றும் கிடையாது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உங்கள் மாமியாரின் வாயை யாராவது இரண்டு வருஷம் முந்திப் பார்த்திருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்து மனுஷிகள் டாக்டரிடம்கூட வாயைத் திறக்க மாட்டார்கள்.

இப்போது அந்த "வெறும் வெற்றிலை பாக்கு". போயிலையை விட்டது சின்ன விஷயமில்லை. அவரிடம் என் சார்பில் சொல்லுங்கள், அவருக்கு வரக்கூடிய ஆபத்தில் பெரிய துண்டு ஒன்றை அவரே வெட்டி எறிந்திருக்கிறார். ஆனால் பாக்கு தனியாகவே குற்றவாளி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும் புற்று உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் வரிசையில் வைத்தது. சிகரெட்டும் அதே வரிசைதான். சுண்ணாம்பு சேர்த்தால் பாக்கின் சத்து வேகமாக உள்ளே இறங்குகிறது. அந்தச் சுறுசுறுப்பும் லேசான வியர்வையும் அதனால்தான். வாயின் உள்தோலையும் அது அரித்துக்கொடுக்கிறது.

இதைத் தஞ்சாவூர்க்காரர்களிடம் சொல்வது கஷ்டம், எனக்குத் தெரியும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பண்டாரவாடை, ராஜகிரிப் பக்கம் கொடிக்கால் வைத்துப் பிழைக்கிறவர்கள் என்னிடமே வைத்தியத்துக்கு வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, இலைமேல் எனக்கு வழக்கு இல்லை என்பதுதான். புற்றுக்கு ஆதாரம் பாக்குக்கும் புகையிலைக்கும் எதிராகத்தான் இருக்கிறது. தாம்பூலம் மாற்றுங்கள், சாமிக்கு வையுங்கள், பந்தி முடிந்து தட்டில் நீட்டுங்கள். பாக்கை வாயில் போடுவதுதான் பிரச்சினை. இன்னொன்று: கல்யாண வீட்டில் கொடுக்கும் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு வாசனைப் பாக்குப் பொட்டலம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை முதலில் பிரிப்பது யார் என்று பாருங்கள். பிள்ளைகள்தான். இனிப்பாக இருக்கும், மிட்டாய் என்றே நினைக்கும். அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பையைக் கொடுங்கள்.

விடுவது எப்படி? திட்டி விடவைக்க முடியாது. என் அப்பாவைத் திட்டிப் பார்த்தவன் நான், புதிதாக டாக்டர் பட்டம் வாங்கிய திமிரில். "போடாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லைடா" என்பார், அவ்வளவுதான். அப்புறம் யோசித்தபோது அந்தப் பதிலிலேயே வழி இருந்தது. ஏழெட்டுத் தடவையும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு மூன்று தடவைதான் உயிர் போகிற ஆசை, காலைக் காப்பிக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இப்படி. மீதி சும்மா கை போவது. அந்தச் சும்மாவை முதல் வாரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு ஒரு தேதி வைத்துக்கொண்டு மீதியையும். சாப்பிட்டதும் சோம்பு, இரண்டு கிராம்பு, ஏலக்காய், காய வைத்த நெல்லி என்று ஏதாவது சின்ன டப்பாவில் மடியிலேயே இருக்கட்டும். முதல் மூன்று நான்கு நாள் தலைவலி, எரிந்து விழுவது எல்லாம் இருக்கும். "போட்டால்தான் காலைக்கடன் கழிகிறது" என்று வேறு சொல்வார். ஒரு வாரம் வாழைத்தண்டுப் பொரியலும் கீரையும் கொடுத்தால் அதுவும் சரியாகும். வெறும் வெற்றிலையை மெல்லட்டுமே என்பீர்கள். விஷம் இல்லைதான். ஆனால் இலையைக் கையில் எடுத்துக் காம்பைக் கிள்ளினால் அடுத்து விரல் தானாகச் சீவலைத் தேடும், அதனால் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்பேன். போயிலை ஆசை திரும்ப வந்தால், புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். காசு கிடையாது.

அறுப்பு முடிந்த கையோடு கொஞ்சம் குடிப்பார் என்று ஓரத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிந்தது. மதுவும் புற்றை உண்டாக்கும், வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெண்களுக்கு மார்பகம் என்று. புகையிலையோடு சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டாவதில்லை, அதைவிட அதிகமாகப் பெருகும்.

பரம்பரையா என்ற கேள்விக்கு வருவோம். புற்றுநோய்களில் நூற்றில் ஐந்து முதல் பத்துதான் பிறவியிலேயே வாங்கி வந்த மரபணுக் கோளாறால் வருவது. வாய்ப்புற்று பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேராது. பாட்டி, மகன் என்று ஒரே வீட்டில் வந்தால் அது ரத்தத்தில் வந்ததைவிடச் செல்லத்தில் வந்ததாகத்தான் இருக்கும். உங்கள் பெண்ணுக்கு அந்தப் பயம் வேண்டாம். அவளுக்கு வேண்டியது வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

வாட்ஸ்அப் சமாசாரங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முள்சீத்தாக் கஷாயம் மனிதர்களில் புற்றைத் தடுத்ததாக ஆதாரம் இல்லை. அந்தச் செடியில் நரம்பைக் கெடுக்கும் பொருள் ஒன்றும் இருக்கிறது, தினமும் குடிக்க வேண்டாம். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். "நல்லது" என்று இரண்டு ஸ்பூன் கூடப் போட்டால் பழையதே தேவலை. செக்கு எண்ணெய் ருசி, வாங்குங்கள். ஆனால் வடை சுட்ட எண்ணெயை நான்காம் நாளும் காய்ச்சாதீர்கள். தண்ணீர் மெஷின் வயிற்றுப்போக்குக்கு நல்லது. நீங்கள் செலவழித்த காசு வீண் என்று சொல்லவில்லை. எல்லாம் சமையல்கட்டிலேயே சுற்றுகிறது, நோய் திண்ணையில் உட்கார்ந்து சீவல் போட்டுக்கொண்டிருக்கிறது, அதுதான் என் வருத்தம்.

சமையல்கட்டில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை: பூஞ்சை பிடித்த கடலை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூட்டையின் அடியில் பச்சையும் கருப்புமாகப் படிகிறதே, அந்தப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது ஈரலில் புற்று உண்டாக்குவது உறுதியான விஷயம். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. வாயில் கசந்த கடலையைத் துப்பிவிடுங்கள், மொத்தமாகப் பூத்ததைக் கொட்டிவிடுங்கள். "வீணாகிறதே" என்று பிண்ணாக்காக்கி மாட்டுக்கு வைத்தால் பாலில் திரும்பி வரும்.

கருவாடு எப்போதாவது சாப்பிடலாம். நாகப்பட்டினத்துக்கு இவ்வளவு கிட்டே இருந்துகொண்டு அதை நிறுத்தச் சொன்னால் நீங்களும் கேட்கப்போவதில்லை. தினம் உப்பில் ஊறியதையே தின்றால் இரைப்பைக்கு ஆகாது என்பதுதான் விஷயம். ஊறுகாய்க்கும் அதே. நன்றாக ஊறவைத்துக் கழுவி, பக்கத்தில் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ கூட இருக்கட்டும். காப்பியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது. காப்பி அல்ல, அந்தச் சூடுதான் குற்றம். டபராவில் நான்கு தடவை ஆற்றிக் குடிக்கிற நம் வழக்கம் எவ்வளவு நல்லது பாருங்கள்.

வயலுக்கு அடிக்கும் மருந்து நியாயமான கேள்வி. வரப்பில் அடிக்கும் களைக்கொல்லியான கிளைபோசேட்டை 2015-இல் "அநேகமாகப் புற்று உண்டாக்கக்கூடியது" என்ற வரிசையில் அதே முகமை சேர்த்தது. இதில் சண்டை இன்னும் ஓயவில்லை. மருந்து அடிக்காமல் சாகுபடி செய்யுங்கள் என்று ஒன்பது மா வைத்திருப்பவரிடம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு காட்சியை நானே பார்த்திருக்கிறேன். தெளிப்பானை முதுகிலிருந்து இறக்கி வரப்பில் வைப்பார், கையை வேட்டியில் துடைப்பார், மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து அதே விரலால் சுண்ணாம்பு தடவுவார். மருந்து வாய்க்குப் போக இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. காற்றுக்கு எதிரே அடிக்காமல், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, முடிந்ததும் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு. அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள், துவைப்பது நீங்கள்தானே. காலி டப்பாவில் குடிதண்ணீர் பிடிப்பதை இன்னும் சில வீடுகளில் பார்க்கிறேன், உங்கள் வீட்டில் இல்லை என்று நம்புகிறேன்.

சரி அம்மா, நான்கு பக்கத்தில் மாமியார் இருக்கிறார், கணவர் இருக்கிறார், பெண், மகன், எண்ணெய், கருவாடு எல்லாம் இருக்கிறது. நீங்கள் எங்கே? ஒரே ஒரு இடத்தில், "நான் 78 கிலோ, அது ஒன்றுதான் குறை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். மாதவிடாய் நிற்கும் வயதுக்குப் பிறகு உடல் பருமன் மார்பகப் புற்றுக்கும் கருப்பைப் புற்றுக்கும் வழி விடுகிறது. பெருங்குடலுக்கும் அப்படித்தான். உங்கள் அம்மா காலத்தில் குனிந்து நாற்றுப் பறித்து, முடி கட்டி, நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்து முடிப்பதற்குள் இடுப்பே ஒடியும். இப்போது நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், வயலைப் பார்க்க டூவீலர். பழைய கஷ்டம் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தட்டில் சோறு மட்டும் அந்தக் காலத்து அளவிலேயே இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிஷம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில் நடந்தால் போதும். நாளைக்கு அரைமணி, ஐந்து நாள். ஆற்றங்கரையில் விடியற்காலையில் இரண்டு பேர் சேர்ந்து போங்கள். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பொன்னாங்கண்ணியோ வாழைப்பூவோ.

அப்புறம், கருப்பை வாய்ச் சோதனை எப்போதாவது செய்துகொண்டீர்களா? எழுதவில்லை என்பதால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றில் மார்பகம் முதலிடம், கருப்பை வாய் இரண்டாமிடம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். காடி (வினிகர்) போன்ற ஒரு திரவத்தைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். கெட்டுப்போன இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். வலி இல்லை, கூச்சம்தான் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களிடம் இதை ஒரே ஒரு முறை செய்து பார்த்த ஆய்வின் முடிவு 2007-இல் வந்தது. அந்தப் புற்றால் சாவது 35 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்குக் கிடைத்த பலன் இது. அதே நாளில் மார்பகத்தையும் நர்ஸம்மாவிடம் காட்டிவிடுங்கள்.

பெண்ணுக்கு 13 வயது என்பது இந்த விஷயத்தில் சரியான நேரம். கருப்பை வாய்ப் புற்றைக் கிளப்புவது ஒரு வைரஸ். அதன் வகைகளில் 16, 18 என்ற இரண்டு மட்டுமே பத்தில் ஏழு பேருக்குக் காரணம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் நன்றாக வேலை செய்யும். 2023 முதல் நம் நாட்டிலேயே தயாரானதும் கிடைக்கிறது. அரசு மூலமாக அவளுக்குக் கிடைக்குமா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இல்லையென்றால் தண்ணீர் மெஷினுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் ஆகும் என்று நினைக்கிறேன். ஈரலழற்சி பி (ஹெபடைட்டிஸ் பி) ஊசி குழந்தையில் போட்டதா என்று தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள், அது ஈரல் புற்றுக்குத் தடுப்பு.

ஆக இந்த வாரம் அவர், அடுத்த வாரம் நீங்களும் பெண்ணும். அவர் வர மாட்டேன் என்றால் "எனக்குத் துணைக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டுப் போய் இருவருமாகக் காட்டிவிட்டு வாருங்கள். பொய்தான், பரவாயில்லை.

பித்தளைச் செல்லத்தைக் கேட்டிருந்தீர்கள். பழைய பித்தளைக்கு எடை போட்டுவிடாதீர்கள், அவர் மனசு கஷ்டப்படும். என் அப்பாவுடையது எங்கள் வீட்டில் இருக்கிறது. சுண்ணாம்புக் குழியை என் மனைவி புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையை எடுத்தார். பாக்கு இருந்த அறையில் இப்போது பொத்தான்கள், சுண்ணாம்புக் குழியில் குண்டூசி, வெற்றிலை இருந்த தட்டில் நூல்கண்டு. மூடியைத் திறந்தால் மட்டும் இன்னும் லேசாகக் கிராம்பு வாசனை வருகிறது.